நாற்றங்கால் நீரும் அதன் இரு தீமைகளும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குரிய சொற்பொழிவு)



பாலாற்றங்கரைக் குடியானவருக்கு ஜலத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆற்றிற் பெரும்பாலும் மணலே காணப்படும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் நீர் உப்பாயிருக்கின்றது. ஆகவே மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றங்கால்களின் வடிநீரைக் குழியிற் சேர்த்து மீண்டும் பாய்ச்சுதல் சிக்கனமே. ஆயினும் அந்நீரில் இரு தீமைகள் உண்டு. ஒன்றுக்குரிய பரிகாரம் மற்றொன்றுக்கு உதவாது.

முதலாவது, நோய். பித்தியம், பைட்டாப்தரா என்னும் கிருமிகளின் வித்துக்கள் நீரில் நீந்திச் செல்ல வல்லவை. ஒரு பாத்தியில் தோன்றிய நாற்றழுகல் வடிநீர் வழியே மற்றப் பாத்திகளுக்கும் பரவும். நாற்றுக்கள் அடித்தண்டு அழுகிச் சாயும். இதற்குப் பரிகாரம் மணல் வடிகட்டி. தெளியவைத்த நீரை ஏறக்குறைய 1 மீட்டர் ஆழமுள்ள நேரிய மணலின் வழியே மெல்ல இறக்குதல் வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் மணிக்கு 100 முதல் 200 லிட்டர் இறங்கினாற் போதும். மணல்மீது சில வாரங்களிற் படரும் நுண்ணுயிர்ப் படலமே பெரிதும் கிருமிகளைத் தடுப்பது. ஆதலின் அதனை அடிக்கடி கலைத்தலும் உலரவிடுதலும் கூடாது.

இரண்டாவது, உப்பு. பச்சைத் தோல் கெடாதிருக்க இடப்படும் உப்பு, தோலை ஊறவைத்துக் கழுவுகையிற் கழிவுநீரிற் சேர்கின்றது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமற் போனதைக் குறிப்பிட்டது.

மணல் கிருமியைத் தடுக்கும். கரைந்த உப்பைத் தடுக்காது. பிளீச்சிங் பவுடரும் கிருமியைக் கொல்லுமேயன்றி உப்பைக் குறைக்காது. மேலும், 100 குடம் நீரில் 50 குடம் ஆவியாகவும் செடி உறிஞ்சியும் போய்விட்டால், உப்பில் பெரும்பகுதி எஞ்சியதிலேயே தங்கும். திருப்பிப் பாய்ச்சுந்தோறும் உப்பு ஏறும். இலைநுனி கருகிய பின் வருந்திப் பயனில்லை.

ஆகவே வடிகட்டி கட்டுமுன் நீரைப் பரிசோதிப்பதே முதற்கடமை. மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் குறைவாயின், வடிகட்டிப் பாய்ச்சலாம். அதற்கு மேல் 3 வரையில், மழைநீர் கலந்து எச்சரிக்கையுடன் பாய்ச்சலாம். 3க்கு மேற்பட்ட நீர் நாற்றங்காலுக்கு ஆகாது.

பரிசோதனைக் கருவியும், கிடங்குக் கூரையின் மழைநீரைச் சேர்க்கும் தொட்டியும் ஒருவருக்குப் பெருஞ்செலவு; சங்கத்துக்கோ எளிய காரியம். நாற்று மடிந்தால் விதைச் செலவோடு பருவமும் போகும். வரும் மழைக்கு முன்னரே தொட்டி அமைக்கும் சங்கம் தன் அங்கத்தினரின் முதலைக் காப்பதாகும்.