உள்ளே இருப்பதா, வெளியே இருப்பதா?



கணினியைப் பற்றி ஒருவர் பேச வந்தால், அதன் ஆற்றலையும் விரைவையும் புகழ்ந்து பேசுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அதன் பெருமையை அன்று. அதற்கு நேரும் ஒரு சிறிய மயக்கத்தை. தன் பெட்டிக்குள்ளேயே திருகாணியால் இறுக்கி வைத்திருக்கும் வன்தட்டை, அது சில வேளைகளில் வெளியிலிருந்து வந்து செருகப்பட்ட பொருள் என்று கருதிவிடுகிறது. சிறிய மயக்கந்தான், ஆயினும் அதனால் எங்கள் குடும்பம் ஓர் அரிய செல்வத்தை இழக்க இருந்தது.

என் மூத்த சகோதரியின் மகன் கல்லூரியில் படிக்கிறான். ஆயத்தமாக விற்கும் கணினியை வாங்க அவனுக்கு மனமில்லை. மதர்போர்டு, செயலி, நினைவகம், மின்வழங்கி என்று பகுதி பகுதியாக வாங்கித் தானே ஒன்றைப் பொருத்தினான். விண்டோஸ் இயங்குவதற்கு ஒரு திடநிலைத் தட்டும், மற்றக் கோப்புகளுக்கு இரண்டு வன்தட்டுகளும் அதில் இருந்தன. அவ்வன்தட்டுகளுள் ஒன்றில், காலஞ்சென்ற என் தந்தையாரின் குரல் இருந்தது. குடும்ப வரலாற்றை அவர் பேசப் பேச, ஒலிநாடாக்களில் பதிவு செய்திருந்தோம். நாடாக்கள் பூஞ்சணம் பிடித்து அறுந்து போகும் தறுவாயில், அவற்றைக் கணினிக்கு மாற்றியவன் அவனே. வேறு பிரதி கிடையாது.

ஓர் இரவு அவன் தொலைபேசியில் அழைத்தான். குரலில் நடுக்கம் தெரிந்தது.

“மாமா, அந்தத் தட்டு செத்துவிட்டது. திரையில் அதன் பெயரே இல்லை. உத்தரவாதக் காலம் முடியவில்லை. நாளைக்கே கடையில் கொடுத்துப் புதியது வாங்கிவிடுகிறேன்” என்றான்.

“புதிய தட்டுத் தருவார்கள், தம்பி, தாத்தாவின் குரலைத் தருவார்களா? முதலில், அது மறைவதற்கு முன் நீ என்ன செய்தாய் என்று சொல்” என்றேன்.

ஒரு பென் டிரைவைக் கழற்றுவதற்காகத் திரையின் மூலையில் உள்ள ‘வன்பொருளைப் பாதுகாப்பாக அகற்று’ என்னும் குறியை அழுத்தியிருக்கிறான். அங்கே விரிந்த பட்டியலில் ஒன்றுக்கு மூன்று பெயர்கள் இருந்தன. அவசரத்தில் தவறான வரியைத் தொட்டுவிட்டான். அந்த விநாடியிலிருந்து தட்டைக் காணோம்.

செய்தி விளங்கிவிட்டது. கணினியை முழுவதும் அணைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி இயக்கச் சொன்னேன். தட்டு தோன்றியது, கோப்புகளும் பழுதின்றி இருந்தன. தட்டு சாகவில்லை, ‘போய் வா’ என்று அவன் விடைகொடுத்து அனுப்பியிருந்தான், அவ்வளவே. கேள்வி ஒன்று எஞ்சியது. வீட்டுக்குரிய தட்டின் பெயர் விருந்தாளிகளின் பட்டியலில் எப்படி ஏறியது?

இதனை அறியச் சிறிது பழைய கதை வேண்டும். 1956-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுச் சாதனத்தில், 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் 50 இருந்தன. ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கிய அது, ஓர் அலமாரி அளவினது. பிற்காலத்தில் தட்டுகள் சுருங்கி மேசைக் கணினிக்குள் புகுந்தன. அகன்ற பட்டை நாடா போன்ற கம்பியால் அவை இணைக்கப்பட்டன. மின்சாரம் ஓடும்போது அவற்றைக் கழற்ற இயலாது. ஆகவே உள்ளே இருப்பது உள்ளேதான் என்பதில் ஐயமே எழவில்லை.

2003-இல் சாட்டா என்னும் இணைப்பு முறை வெளிவந்தது. கம்பி மெலிந்தது, கணினி இயங்கும்போதே தட்டைக் கழற்றவும் செருகவும் வழி பிறந்தது. இதற்கு ஹாட் பிளக் என்று பெயர். இடைவிடாமல் உழைக்கும் பெரிய கணினிகளில், பழுதுற்ற தட்டை நிறுத்தாமலே மாற்ற இது பேருதவி. ஏஹெச்சிஐ என்னும் விதிமுறையின்படி, ‘இங்கே தட்டைக் கழற்றி மாட்டலாம்’ என்றோ, ‘இது வெளியே செல்லும் வாயில்’ என்றோ ஒவ்வோர் இணைப்பு வாயிலும் தன்னைப் பற்றி அறிவிக்கலாம். அறிவிப்பை முடிவு செய்வது, மதர்போர்டில் உறையும் பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருள்.

விண்டோஸ் தட்டை நேரில் பார்ப்பதில்லை. அதற்குக் கண் ஏது? வாயில் சொல்வதை நம்புகிறது. கழற்றத்தக்க வாயில் என்றால், அதில் உள்ள தட்டும் கழற்றத்தக்கதே என்று கொள்கிறது. ஆகவே பிழை தட்டில் இல்லை, விண்டோஸிலும் இல்லை. நமக்குப் பொருந்தாத ஓர் அறிவிப்பு கீழிருந்து மேலே சென்றது, அதுவே காரணம்.

இதைத் திருத்துவது எப்படி? மறுநாள் அவன் வீட்டிற்குச் சென்று இருவருமாக அமர்ந்தோம். கணினி கண்விழிக்கும் வேளையில் டெலீட் விசையையோ எஃப்2 விசையையோ அழுத்தினால் பெரும்பாலான மதர்போர்டுகளில் பயாஸ் பக்கம் திறக்கும். அங்கே சாட்டா அமைப்பு என்னும் பகுதியில் ஒவ்வொரு வாயிலுக்கும் எதிரே ஹாட் பிளக் என்ற வரி இருந்தது. எல்லாம் இயக்கத்தில் இருந்தன. எங்கள் தட்டுகள் மாட்டியிருந்த வாயில்களுக்கு மட்டும் அதை நிறுத்திச் சேமித்து வெளியேறினோம். விண்டோஸ் திறந்தது. பட்டியலில் அந்தப் பெயர்கள் இல்லை.

ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். அதே பக்கத்தில் ஏஹெச்சிஐ, ரெய்டு என்று இயங்குமுறையை மாற்றும் வரியும் இருக்கும். அதை விளையாட்டாக மாற்றினால் விண்டோஸ் திறக்காமலே போகலாம். தேடி வந்ததை மட்டும் தொடுவது நல்ல தொழிலாளியின் இலக்கணம்.

சில மதர்போர்டுகளில் ஹாட் பிளக் வரியே இராது. அப்போது விண்டோஸிடமே நேராகச் சொல்லலாம். விண்டோஸ் 8 முதலான பதிப்புகளில், ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில், ஏஹெச்சிஐ இயக்கியின் ‘டிவைஸ்’ பகுதியில், ‘ட்ரீட் ஆஸ் இன்டர்னல் போர்ட்’ என்னும் பெயரில் பல வரி கொண்ட பதிவொன்றை அமைத்து, வரிக்கு ஒன்றாக வாயில் எண்களை எழுத வேண்டும். பதிவேட்டின் பிரதியை முன்னதாக எடுத்துக்கொள்வது கட்டாயம். மற்றொன்றும் நினைவிருக்கட்டும்: பலகையில் 1 என்று அச்சிட்ட வாயிலை மென்பொருள் 0 என்று எண்ணுவதுண்டு. தட்டின் பண்புப் பக்கத்தில் காணும் பஸ் எண்ணைப் பார்த்து எழுதுவதே சரி. பிறகு கணினியை மறுபடி இயக்கினால் திருத்தம் நடைமுறைக்கு வரும்.

வேலை முடிந்தது என்று அவன் எழுந்தான். “இன்னும் முடியவில்லை” என்றேன். தந்தையாரின் பதிவுகளை வேறொரு தட்டில் படியெடுத்தோம். அதனை என் வீட்டிற்கு எடுத்து வந்தேன். தவறான வரியைத் தொடும் விரலுக்குப் பயாஸ் மருந்து செய்யலாம். உண்மையாகவே தட்டு சாகும் நாளுக்கு மருந்து, இரண்டாவது பிரதி ஒன்றே.

நண்பர்களே, அன்று அவன் தட்டைக் கடையில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குற்றமற்ற தட்டு போயிருக்கும். அதிலிருந்த குரலும் போயிருக்கும். புதிய தட்டும் அதே வாயிலில் அமர்ந்து அதே பட்டியலில் ஏறியிருக்கும். ஒரு பொருள் கெட்டுவிட்டது என்று யந்திரம் காட்டும்போது, அந்தச் செய்தியை அதற்குச் சொன்னவர் யார் என்று ஒருமுறை கேளுங்கள். விடை கிடைக்கும்வரை எதையும் தூக்கி எறியாதீர்கள்.

சென்ற வாரம் மருமகன் வந்திருந்தபோது, இருவரும் அந்தப் பதிவுகளுள் ஒன்றைக் கேட்டோம். தந்தையார் நடுவில் இருமிவிட்டு, “எங்கே விட்டேன்?” என்று கேட்கிறார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் விடை சொன்னோம்.