சமயபாடமும் வினாவும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சமயபாடத்தில் அதிவிசேட சித்தி பெற்ற மாணவனிடம், கடவுள் உண்டென்பதற்கு நியாயம் யாது என்று வினவுங்கள். பதி, பசு, பாசம் என ஒப்புவிப்பான். நியாயம் சொல்லத் தயங்குவான். குறை அவனுடையதன்று. நாம் அவனிடம் அதனைக் கேட்டதேயில்லை.

நம் சாத்திரமோ நியாயத்தையே முன்வைக்கின்றது. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையில் நிறுவினார். அருணந்தி சிவாசாரியார் சித்தியாரிலே தம் கொள்கையைக் கூறுமுன், பரபக்கத்தில் பிறர் கொள்கைகளை எடுத்துரைத்தே மறுத்தார். பிறர் சொல்வதை அறியாது மறுத்தல் அறமன்று.

நாவலர் பெருமான் கிறிஸ்தவப் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்தவர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை நிறுவினார். மாற்றார் நூலை நன்கு கற்றமை அவர் வாதத்துக்கு வலிமை தந்தது. மிஷன் பாடசாலையிற் படித்த என்னையும், சகமாணவர் கேட்ட வினாக்களே சித்தாந்தத்தைத் தேடச் செய்தன.

பெரியோர்களே, பிள்ளைகள் வினவினால் அதட்டாதீர்கள். இளைஞர்களே, நமது ஞாயிறு வகுப்பிற் பாதி நேரத்தை வினாக்களுக்கு ஒதுக்குவோம். விடை தெரியாவிடிற் கூடித் தேடுவோம். மனனம் செய்த சமயம் பரீட்சையோடு போய்விடும். ஆராய்ந்து கொண்ட சமயமே வாழ்க்கைக்குத் துணைநிற்கும்.