மூத்தவங்க கையில் வேலையைக் கொடுங்க

 

நம்ம குழுக்கள்ல அறுபது வயசு தாண்டினவங்க அடிக்கடி சொல்ற பேச்சு இது: "எனக்கு என்னம்மா தெரியும், நீங்களே பாத்துக்கோங்க." வயசானா அப்படித்தான்னு நாமும் விட்டுடறோம். ஆனா அந்தத் தயக்கம் வயசால மட்டும் வர்றதில்ல. பேங்குக்கு மகன் போறான். ஏடிஎம் ரகசிய எண் பேரனுக்குத்தான் தெரியும். உதவித்தொகை வந்துச்சான்னு தெரிஞ்சுக்கக்கூட இன்னொருத்தரைக் கேக்கணும். எல்லாம் பாசத்துல செய்றதுதான். ஆனா செய்யாத வேலை மறந்துபோகும். மறந்துபோனா பயம் வரும்.

1976-ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு பெண்கள் ஆய்வு செய்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களுக்குச் செடி கொடுத்து, "நீங்களே தண்ணி ஊத்தி வளர்க்கணும்" என்றார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள். ஆனால் ஊழியர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றே வாரத்தில், பொறுப்பு கிடைத்தவர்களிடம் சுறுசுறுப்பும் சந்தோஷமும் கூடியிருந்தது.

ஆல்பர்ட் பந்தூரா என்ற உளவியல் அறிஞர், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை நாலு வழியில் வருவதாகச் சொன்னார். தானே செய்து முடிப்பது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், உடம்பும் மனசும் இருக்கும் நிலை. இதில் முதலாவதுக்குத்தான் பலம் அதிகம்.

கேரளாவில் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018-ல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 மார்க் வாங்கினார். அவரைப் பார்த்தா நம்ம அம்மாக்களுக்கும் தைரியம் வரும்தானே?

அதனால ஒவ்வொரு குழுவும் மூணு காரியம் செய்யணும். சேமிப்புப் பணத்தை எண்ணி வாங்குற பொறுப்பை மாசத்துக்கு ஒரு மூத்த உறுப்பினர்கிட்ட கொடுங்க. மெதுவா எண்ணட்டும், பிடுங்காதீங்க. பேங்குக்குப் போனா அவங்களையும் கூட்டிட்டுப் போய், அவங்க கையாலயே படிவத்தைக் கொடுக்க வைங்க. கண் மங்கலா இருந்தா அரசு மருத்துவமனைக்கு அழைச்சுட்டுப் போங்க. கண்புரை ஆபரேஷன் அங்க இலவசம். கண்ணு தெரியாததை, அறிவு மங்கிப்போச்சுன்னு யாரும் நினைக்கக் கூடாது.

மூத்த அம்மாக்களே, "நான் பாத்துக்கறேன்"னு யாராவது கையை நீட்டினா, "நீ பக்கத்துல நில்லு, நான் செய்றேன்"னு சொல்லுங்க.