திண்ணையில் ஆடுபுலி



பகலவன் மறையுமுன் உண்டு முடிப்பது சமண இல்லங்களில் வழிவழி வந்த ஒழுக்கம். அதனால் உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே நீண்டதொரு மாலைப்பொழுது வாய்த்தது. அப்பொழுதில் பாட்டிமார் திண்ணையில் அமர்ந்து பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள். சிலர் ஆடுபுலி ஆட்டமும் கற்பித்தார்கள். தொலைக்காட்சி வந்தது, திண்ணை போயிற்று என்பது தனிக்கதை.

உச்சிப்புள்ளி ஒன்றிலிருந்து நான்கு கோடுகள் விரிந்திறங்கி அடிக்கோட்டைத் தொடும். இடையே மூன்று குறுக்குக் கோடுகள் இருபுறமும் வெளியே நீளும். அவற்றின் முனைகளைப் பக்கக் கோடுகள் இணைக்கும். இவ்வாறு அமையும் புள்ளிகள் 23. புலிகள் 3, ஆடுகள் 15. புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. எல்லா ஆடுகளையும் ஒவ்வொன்றாக வைத்து முடித்த பின்னரே அவற்றை நகர்த்தலாம். புலியோ தொடக்கத்திலேயே நகரும். அருகில் நிற்கும் ஆட்டுக்கு அப்பால், அதே கோட்டில், அடுத்த புள்ளி வெறுமையாயிருந்தால் தாண்டி அதனை எடுத்துவிடும். ஆட்டுக்குத் தாண்டும் உரிமை இல்லை. மூன்று புலிகளையும் அசையவொட்டாமல் அடைப்பதே அதன் வெற்றி. அவ்வெற்றியில் புலி சாவதில்லை என்பதைக் கருத வேண்டும்.

பரமபதத்தைப் போல் இதில் தாயக்கட்டை இல்லை. பழியைக் கட்டையின்மேல் சுமத்த இயலாது. வினை செய்தவனே அதன் பயனையும் ஏற்கிறான். சமண வீட்டுப் பிள்ளைக்கு இது புதிய செய்தியன்று.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எட்டு வயதுப் பேரனுக்கு ஒரு பாட்டி இவ்வாட்டத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் யசோதர காவியத்தில் ஊறியவர். “மாக்கோழியைப் பலியிட்டதற்கே யசோதரனும் சந்திரமதியும் பிறவிதோறும் துன்பப்பட்டார்கள். நீ புளியங்கொட்டை ஆட்டைக் கொல்லச் சொல்லித் தருகிறாயே!” என்றார்.

எளிதில் தள்ளிவிடக்கூடிய வினாவன்று இது. உயிரற்ற மாவாயினும் கொல்லும் எண்ணம் வினையைக் கொணரும் என்பதுதானே அக்காப்பியத்தின் உயிர்நிலை? பாட்டியோ, “பிள்ளை மனசு கணக்குத்தான் போடுது. அதில் கொலை எங்கே இருக்கு?” என்று விடையிறுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

சில நாள்களில் பேரன் புலியாக ஆடினான். ஓர் ஆட்டைத் தாண்டியவன், “செத்துப்போச்சு! கொன்னுட்டேன்!” என்று துள்ளிக் குதித்தான். பாட்டி ஒன்றும் பேசவில்லை. கொட்டைகளை வாரிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். தாத்தாவும் அன்று வாய் திறக்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

இரண்டு மாலைகள் ஆட்டமில்லை. மூன்றாம் நாள் பாட்டியே கரித்துண்டால் கோடு கிழித்தார். “இனிமேல் நீதான் ஆடு. புலியை அடைக்கக் கத்துக்கிட்ட பிறகு புலியை ஆடலாம். எடுத்தேன்னு சொல்லணும், கொன்னேன்னு சொல்லக் கூடாது,” என்றார். ஆடு வைப்பவனுக்கு ஒவ்வொன்றின் பின்னாலும் இன்னொன்றை நிறுத்தும் கவலை உண்டு. தனித்து விடப்பட்டதே பெரும்பாலும் போகும். பேரன் மாதக்கணக்கில் தோற்றான். சில நாள் அழுதான். மருமகள் மனம் பொறாமல், “ஒரு தரம் விட்டுக்கொடுங்களேன், அத்தை,” என்று கேட்டாள்.

“தெரிஞ்சே தோத்தா அது பொய்யில்லையாம்மா?” என்றார் பாட்டி. அதில் அவர் சற்றும் இளகவில்லை.

மழைக்கால மாலையொன்றில் பேரன் மூன்று புலிகளையும் அடைத்தான். பாட்டி மூன்று கற்களையும் ஒவ்வொரு திசையிலும் நகர்த்திப் பார்த்தார், வழியில்லை. பிள்ளை கூச்சலிடவில்லை, தாத்தாவைத்தான் திரும்பிப் பார்த்தான். அவர் அருகில் வந்து ஆடுகளை எண்ணினார்: பதினொன்று.

“போன நாலில் எதையெல்லாம் காத்திருக்கலாம்?” என்று பாட்டி கேட்டார். பேரன் மூன்றுக்கு விடை சொன்னான். நான்காவதற்காகத் தாத்தாவும் திண்ணையில் அமர்ந்தார். மூவரும் காய்களைப் பழைய இடங்களில் வைக்கத் தொடங்கினார்கள்.