மாரி மழைக்குப் பின் நீரின் உப்பைச் சோதித்தல்



மாரி மழை ஓய்ந்து கிணறுகள் நிரம்பி நிற்கும் காலத்தில், ஒரு கை நீரை அள்ளிச் சுவைத்து, “உப்பில்லை, இனி நடலாம்” என்று முடிவு செய்வோர் பலர். அம்முடிவு ஏன் பிழைக்கின்றது என்பதையே இன்று கூற விரும்புகின்றேன்.

இத்தவற்றை நானும் செய்தவன். போதனாசிரியராகக் கடமையேற்ற முதலாண்டில், வாவிக்கரைத் தோட்டமொன்றின் கிணற்று நீரை மேலாக அள்ளிச் சுவைத்து, வெங்காயம் நடலாம் என்று சொன்னேன். மாசி முடிவில் தாள்நுனிகள் கருகின, கிழங்கு பருக்கவில்லை. அக்கமக்காரர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. விதைக்குப் பட்ட கடனை மட்டும் சொன்னார்.

நடந்தது இதுதான். கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையிலுள்ள மணற்கரையில், மழைநீர் நிலத்தினுள் இறங்கி, பாரமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கலாம் என்பது கணக்கு. அந்த ஓரடியை இறைத்துக் குறைத்தால், அடியிலுள்ள உப்புநீர் மேலெழத் தொடங்கும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்பும் இதனையே கண்டோம். கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைப்பதால் மட்டும் உப்பு நீங்கவில்லை. பின்வந்த மழையே அதனைக் கழுவிற்று.

ஆகவே சோதிக்கும் முறை வருமாறு:

1. மழை ஓய்ந்து ஒரு வாரத்தின் பின், காலையில் இறைக்குமுன் நீர் எடுக்கவும்.

2. ஒரு போத்தலை மேல்மட்ட நீரில் நிரப்பவும். மற்றொன்றில் கல்லைக் கட்டி, அடைப்பானில் தனிக்கயிறு பிணைத்து, அடிவரை இறக்கியபின் அடைப்பானை இழுக்கவும்.

3. ‘மேல்’, ‘அடி’ என எழுதி, உங்கள் பகுதிப் போதனாசிரியரிடம் கொடுத்து, மின்கடத்துமானியால் அளக்கச் செய்யவும்.

4. மழையற்ற மாதங்களில் மாதமொருமுறை இவ்வாறே அளந்து குறித்து வைக்கவும்.

மானி காட்டும் எண், மீற்றருக்கு டெசிசீமன் அளவில், வெங்காயத்துக்கு 0.8, மிளகாய்க்கு 1.0, தக்காளிக்கு 1.7, நெல்லுக்கு 2.0 என்பவற்றை மிஞ்சினால் விளைச்சல் குறையத் தொடங்கும். கௌபி சற்றுக் கூடுதலான உப்பைத் தாங்கும்.

மேல்நீர் நன்றாகவும் அடிநீர் உப்பாகவும் இருப்பின், இறைகுழாயை அடிவரை இறக்காதீர்கள். ஒரேயடியாக இறைக்காது, காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறையுங்கள். பாத்திகளுக்கு வைக்கோல் மூடாக்கிட்டால் நீர்த்தேவையும் குறையும். உப்பு மேலே பூப்பதும் குறையும். கிணற்றில் சுண்ணாம்பு இட்டால் உப்பு நீங்கும் என்பது சரியன்று. சுண்ணாம்பு புளிப்பைத் தணிக்குமேயன்றி உப்பை அகற்றாது.

வாவியோர வயலுக்கும் மழையே மருந்து. மழைநீரை வரம்புக்குள் தேக்கி, மண்ணின் உப்பு கரைந்தபின், வாவியின் மட்டம் தாழ்ந்திருக்கும் வேளையில் வடிச்சலைத் திறந்து விடவும். வாவி உயர்ந்து நிற்கும்போது திறந்தால் நீர் வயலுக்குள் புகும். இளம்பயிரும் பூக்கும் பயிரும் உப்புக்கு எளிதில் இளைக்குமாதலால், அப்பருவங்களில் வயலைக் காயவிடாதீர்கள். உப்பு மிகுந்த வயலுக்கு, உப்பைத் தாங்கும் அற் 354 நெல்லினத்தைத் தெரிவு செய்யலாம்.

பெருமக்களே! மழை தரும் நன்னீர் நமக்கு வாய்த்த முதல். முதலை அறியாது செலவு செய்வோர் கடனாளியாவர். இரண்டு போத்தல் நீரை எடுத்து வாருங்கள்; அதன் பின் நடுவதைப் பற்றிப் பேசுவோம்.