கருத்தரங்க வாயிலும் நம் பிள்ளைகளும்

(வளையமாதேவியில் நடைபெற்ற கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் முன்னின்று நடத்தும் பன்னாட்டுக் கருத்தரங்குகளையும் கலை விழாக்களையும் பற்றி இன்று பேச விழைகின்றேன். அவற்றிற்குரிய பணம் எங்கிருந்து வருகிறது, அது எவர்க்குப் பயன்படுகிறது என்பதே என் பொருள். "கல்லூரிக் கட்டணம் கட்டவே வழி தேடும் நமக்கு இந்தப் பேச்சு எதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தை மாற்றுவதே என் நோக்கமாகும்.

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தி. 1964ஆம் ஆண்டு சனவரித் திங்களில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் 26ஆம் பன்னாட்டு மாநாடு கூடிற்று. அங்கு வந்திருந்த தமிழாய்வாளர் சிலர் தனியே அமர்ந்து பேசி, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தனர். அம்முயற்சியின் முன்னோடி தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்துக் கரம்பனைச் சேர்ந்த அவர் தமிழ் பயின்றது, நாம் சேத்தியாத்தோப்பு வழியாகச் சென்றடையும் அதே சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான். அந்நாளில் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்தார். இரண்டே ஆண்டுகளில், 1966 ஏப்பிரலில், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கி வைத்தார். ஒரு பேராசிரியரின் எண்ணம், ஒரு பல்கலைக்கழகத்தின் இடம், ஓர் அரசின் ஆதரவு ஆகிய மூன்றும் சேர்ந்ததால் அது நிகழ்ந்தது.

அதன் விளைவு விழாவோடு முடிந்துவிடவில்லை. 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிசிலும், 1974இல் யாழ்ப்பாணத்திலும், 1981இல் மதுரையிலும் மாநாடுகள் தொடர்ந்தன. சென்னை மாநாட்டையொட்டி எழுந்த கோரிக்கையின் பயனாக உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் உருவாயிற்று. 2019இல் பத்தாம் மாநாடு அமெரிக்க நாட்டுச் சிகாகோவில் கூடிற்று. மாநாட்டிற்குச் செலவிடும் பணத்தை வீண் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இதுவே சான்று.

அப்பணம் எவருடையது? நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பல்கலைக்கழக மானியக் குழு, 1969இல் தோன்றிய இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, பல்கலைக்கழகத்தின் சொந்த நிதி எனப் பல வாயில்களிலிருந்து அது வந்துள்ளது. பேராசிரியர் ஒருவர் கருத்தரங்கின் பொருளையும், அழைக்கவிருக்கும் அறிஞர்களின் பட்டியலையும், வரவு செலவுத் திட்டத்தையும் எழுதி விண்ணப்பிக்கிறார். பயணப்படி, உணவு, தங்குமிடம், அச்சுச் செலவு என்று தலைப்புவாரியாகப் பணம் ஒதுக்கப்படுகிறது. முடிந்தபின் தணிக்கை செய்த கணக்கும் பயன்பாட்டுச் சான்றும் கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் அடியில் இருப்பது மக்கள் செலுத்தும் வரிப்பணம். தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கொடுக்கும் நம் தாய்மார்களின் காசும் அதில் அடங்கும். ஆதலின் அந்த மண்டபத்தில் நமக்கும் உரிமை உண்டு.

உரிமை உண்டு, இடம் உண்டா? என் வாழ்வில் நிகழ்ந்த இரண்டைச் சொல்கின்றேன். நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது, ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் என் கட்டுரை ஏற்கப்பெற்றது. ஏற்புக் கடிதத்தை என் அன்னையிடம் படித்துக் காட்டினேன். பதிவுக் கட்டணத்திற்கும் இரயில் செலவிற்கும் பணம் திரட்ட இயலவில்லை. நான் போகவில்லை. அத்தொகுதி நூலில் என் கட்டுரை இல்லை. அதன்பின் பல ஆண்டுகள் கழித்து வேறொரு கருத்தரங்கிற்குச் சென்றேன். நம் பறைக் கலைஞர்கள் வாயிலில் பறை முழக்கி விருந்தினரை வரவேற்றனர். முழங்கி முடித்ததும் அவர்களை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டனர். உள்ளே பறையைப் பற்றி மூன்று கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. மூன்றையும் நான் கேட்டேன். பறையைத் தொட்டவர் ஒருவர்கூட அந்த அவையில் இல்லை.

தோழர்களே, இதைக் கூறுவது மனம் புண்படுவதற்காக அன்று. கருத்தரங்கிற்கு இருவகைப் பணம் தேவை என்பதைக் காட்டுவதற்காகவே கூறினேன். மண்டபத்தை அமைக்கும் பணம் ஒன்று. மண்டபத்திற்குள் நம் பிள்ளையைக் கொண்டு சேர்க்கும் பணம் மற்றொன்று. இரண்டாவது இல்லையேல் முதலாவதால் நமக்குப் பயனில்லை.

இதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்வே சான்று பகரும். பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் பதினொன்றரை பவுன் வீதம் அளித்த உதவித்தொகையால் அவர் 1913இல் நியூயார்க் நகரம் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பேராசிரியர் கோல்டன்வைசர் மானுடவியல் கருத்தரங்கு ஒன்றை நடத்தி வந்தார். 1916 மே 9ஆம் நாள், இருபத்தைந்து வயது இளைஞரான அண்ணல், இந்தியாவில் சாதிகளின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிய தம் ஆய்வுரையை அக்கருத்தரங்கில் படித்தார். மறு ஆண்டே அது அச்சேறிற்று. நூறாண்டு கடந்தும் சாதியை ஆராய்வோர் அதனைப் படிக்கின்றனர். பல்கலைக்கழகம் அவை கொடுத்தது, உதவித்தொகை வழி கொடுத்தது, அறிவு அவருடையது.

அதே 1916ஆம் ஆண்டில்தான் சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, நம் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். கடல் கடந்து ஒருவர் ஆய்வுரை படித்தார். நம் பக்கத்து ஊரில் ஒருவர் அகரம் கற்பித்தார். இரண்டும் ஒரே வேலையின் இரு முனைகள். பின்னாளில் காட்டுமன்னார்கோயில் பகுதியின் இளையபெருமாள் அவர்கள் தலைமையில் அமைந்த குழு, 1969இல் தீண்டாமை பற்றிய அறிக்கையை அளித்தது. நம் வாழ்வைப் பற்றிய உண்மையை நம்மவரே எழுதும்போது அதன் வலிமை எத்தகையது என்பதை அவ்வறிக்கை காட்டிற்று.

இனி நம் ஊருக்கு வருவோம். 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கிய நாள்முதல் இவ்வட்டாரத்தின் நிலமும் நீரும் மாறி வந்துள்ளன. 2023 சூலைத் திங்களில் நம் வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெற்பயிரின் நடுவே கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. நாடு முழுவதும் அக்காட்சியைக் கண்டது. நிலம் உடையவர்க்கு இழப்பீடு என்ற பேச்சேனும் எழுந்தது. அந்நிலத்தில் நாற்று நட்டுக் கூலி பெற்றவரின் இழப்பை அளந்தவர் யார்? சுரங்கத்தால் இடம்பெயர்வோர் பற்றி உலகெங்கும் கருத்தரங்குகள் கூடுகின்றன. நம் கதை அங்கே படிக்கப்படும் நாள் வரும். அதைப் படிப்பவர் பிறராக இருப்பரா, நம் மகளாக இருப்பாளா என்பதே கேள்வி.

அரசு வழிகள் சில உள்ளன. 1944 முதல் பள்ளியிறுதிக்குப் பிற்பட்ட கல்வி உதவித்தொகையும், 1954 முதல் வெளிநாட்டுக் கல்விக்கான உதவித்தொகையும், 2005 முதல் ஆய்வு மாணவர்க்கான தேசிய உதவித்தொகையும் நம்மவர்க்கென வகுக்கப்பட்டன. இவற்றை இளைஞர்கள் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஆயினும் அரசுப் பணம் கைக்கு வருமுன் கருத்தரங்கு முடிந்துவிடுவதும் உண்டு. அந்த இடைவெளியை அடைக்க வேண்டியவர் நாமே.

ஆகவே, வெள்ளி விழாவின் நினைவாக ஒரு பயண நிதியை ஏற்படுத்துமாறு கழகத்தைக் கேட்டுக்கொள்கின்றேன். கட்டுரை ஏற்கப்பெற்ற ஆய்வு மாணவர்க்கும், அழைக்கப்பெற்ற கலைஞர்க்கும் அது பதிவுக் கட்டணமும் வழிச்செலவும் தரட்டும். கணக்கு ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் எழுதப்படட்டும். பெற்றவர் திரும்பி வந்து, தாம் அங்குப் படித்ததை இங்கே, நம் பெரியோர் முன்னிலையில், எளிய தமிழில் சொல்ல வேண்டும் என்பதே நிபந்தனையாகட்டும். அரசு உதவி பின்னர் வந்தால், அத்தொகையை அடுத்த பிள்ளைக்காகத் திருப்பிச் செலுத்தட்டும். இது தருமம் அன்று, கைமாற்று.

கருத்தரங்கு நடத்தும் பேராசிரியர்களிடமும் ஒன்று வேண்டுகின்றேன். உங்கள் வரவு செலவுத் திட்டத்தில் ஏழை மாணவர்க்குக் கட்டண விலக்கு என்று ஒரு வரி எழுதுங்கள். பறை முழக்குவோர்க்கு அவைக்குள்ளும் ஒரு நாற்காலி போடுங்கள், அவர்களும் பேசட்டும்.

என் பங்காக இந்நிதிக்கு, அன்று எனக்குக் கிடைக்காத அப்பயணச் செலவை இன்றைய கணக்கில் இம்மேடையிலேயே தலைவரிடம் அளிக்கின்றேன். முதலில் புறப்படப் போகும் பிள்ளை இக்கூட்டத்தில்தான் அமர்ந்திருக்க வேண்டும். போய் வா, வந்து எங்களுக்குச் சொல்.