இரண்டாம் மைல்



'கோ தி எக்ஸ்ட்ரா மைல்' என்னும் ஆங்கில வழக்கை நாம் கேட்டிருப்போம். கடமைக்கு மேலும் மனமுவந்து செய் என்பது அதன் பொருள். இன்று அலுவலகங்களில் மேலாளர்கள் அடிக்கடி சொல்லும் இந்த வார்த்தை, நம் ஆண்டவரின் மலைப்பொழிவிலிருந்து (மத் 5:41) வந்தது.

அன்று பாலஸ்தீனம் உரோமையரின் ஆட்சியில் இருந்தது. வழியில் போகும் ஒருவரை நிறுத்தி, தன் சுமையைத் தூக்கி வரும்படி படைவீரன் கட்டாயப்படுத்தலாம். கூலி கிடையாது, மறுக்கவும் முடியாது. இதைக் குறிக்க மத்தேயு எழுதும் கிரேக்கச் சொல் 'அங்கரேயுவோ'. சிரேன் ஊர்ச் சீமோனைச் சிலுவை சுமக்கக் கட்டாயப்படுத்தியதைச் சொல்லும்போதும் (27:32) அதே சொல்தான் வருகிறது. சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில் நாம் தியானிப்பதும் இத்தகைய கட்டாயச் சுமையையே.

உரோமை மைல் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். முதல் மைலை அவர் நடப்பது வீரனின் கட்டளைக்காக. அது முடிந்தபின், "இன்னும் கொஞ்ச தூரம் வருகிறேன்" என்று தாமாகவே நடந்தால், சுமை அதேதான். ஆனால் சுமப்பவர் இப்போது அடிமையல்ல, கொடுப்பவர்.

ஒன்றைக் கவனிப்போம். ஆண்டவர் இதைச் சுமப்பவரிடம் சொன்னார்; சுமத்துகிறவரிடம் சொல்லவில்லை. இரண்டாம் மைலை ஒருவர் கொடுக்கலாம். அதிகாரத்தால் கேட்டு வாங்க முடியாது. கேட்டு வாங்கினால் அது மற்றுமொரு முதல் மைல்தான்.

திருவிழா நாளில் வீட்டு வேலைக்கு வரும் அக்காவை இரவுவரை இருக்கச் சொல்கிறோம். கடையில் நிற்கும் பிள்ளையை விடுமுறையன்றும் வரச் சொல்கிறோம். "கொஞ்சம் அனுசரித்துப் போ" என்று சொல்லிவிட்டு, அந்த நேரத்திற்குக் கூலி கொடுக்கிறோமா? உழைப்பாளருக்கு நீதியான ஊதியம் கடமை என்று திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் கற்பித்தார். நீதியாகத் தர வேண்டியதைத் தராமல், தியாகத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை.

அதே வேளையில், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பொறுமையோடு கவனிக்கும் மருமகளும், பாடம் புரியாத பிள்ளைக்காக மாலையில் காத்திருக்கும் ஆசிரியரும் நம்மிடையே இருக்கிறார்கள். யாரும் கேட்காமலே அவர்கள் இரண்டாம் மைல் நடக்கிறார்கள். அவர்களுக்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம்.

இந்த வாரம் நாம் செய்ய வேண்டியவை இரண்டு. நமக்காகச் சுமப்பவரின் முதல் மைலுக்கு உரியதைக் கொடுப்போம். நாம் சுமக்கும் இடத்தில், நம்மால் முடிந்த அளவு, அன்பினால் ஓரடி கூடுதலாக நடப்போம். கேட்காமலே நமக்காகக் கல்வாரிவரை நடந்த ஆண்டவர் நம்மோடு வருவாராக. ஆமென்.